அமெரிக்க உள்நாட்டுப் போர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளைக் கேட்டவர்களுக்குச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். அப்படியும் சில கேள்விகள் என்னை வெகுநேரம் உட்கார வைத்துவிட்டன. அந்தப் பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, போருக்குக் காரணம் மாநில உரிமையும் வரிச் சண்டையும்தான், அடிமை முறை என்பது வென்றவர்கள் பிறகு ஒட்டவைத்த காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எது உண்மை?

நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் வாயாலேயே கேட்போம். முதலில் வெளியேறியது தென் கரோலினா, 1860 டிசம்பர் 20. நான்கு நாள் கழித்து அது வெளியிட்ட காரண அறிக்கையில் இருப்பது ஒரே மனக்குறை: அடிமைகள் இல்லாத மாநிலங்கள் அடிமை முறையைப் பகைக்கின்றன, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பி அனுப்ப மறுக்கின்றன. மிசிசிப்பியின் அறிக்கை சுற்றி வளைக்கவே இல்லை. “எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுவதும் ஒன்றியது” என்று இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். அவர்கள் எழுதிக்கொண்ட அரசியல் சட்டமும், அடிமை என்ற சொத்தில் கைவைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்று விதித்தது.

மாநில உரிமைக்கு வருகிறேன். 1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைத் தெற்கு கேட்டு வாங்கியது. வடக்கு மாநிலங்களின் சொந்தச் சட்டங்களை மிதித்துக்கொண்டு மத்திய அரசின் ஆட்கள் உள்ளே புகுந்து ஆளைப் பிடிக்கலாம் என்பதே அதன் சாரம். பிடிபட்டவருக்கு ஜூரி இல்லை, தனக்காகச் சாட்சி சொல்லும் உரிமையும் இல்லை. விசாரிக்கும் ஆணையர், இவர் அடிமைதான் என்று எழுதி அனுப்பினால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். தாள்வேலை கூடுதல் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். வகுப்பில் இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன். 1854 ஜூனில் தப்பி வந்து பிடிபட்ட ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரை மாசசூசெட்ஸின் பாஸ்டன் நகரத் தெருக்கள் வழியே படைவீரர்கள் சூழக் கப்பலுக்கு நடத்திச் சென்றபோது, அந்நகரத்தார் கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உரிமையைப் பற்றித் தெற்கு கவலைப்படவில்லை.

வரி? 1857-இல் இறக்குமதி வரி குறைக்கப்பட்டிருந்தது. அதை உயர்த்திய சட்டம் வந்தது 1861 மார்ச்சில். அதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டிருந்தன.

கேள்வி: எழுபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த வடக்கும் தெற்கும் 1860-இல் மட்டும் ஏன் முறித்துக்கொண்டன?

பருத்தியும் நிலமும். 1793-இல் எலி விட்னி செய்த கொட்டை பிரிக்கும் இயந்திரம் வந்தபின் கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளியிருந்த நிலங்களிலும் பருத்தி விளைவிப்பது லாபமாயிற்று. தானாக மெல்ல ஓய்ந்துவிடும் என்று பலர் நம்பியிருந்த அடிமை முறை புது உயிர் பெற்றது. 1808-இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்குவதைச் சட்டம் தடுத்தது. ஆனால் வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவுக்கு உள்நாட்டிலேயே ஆட்களை விற்கும் வாணிபம் பெருகியது. அப்படி இடம் மாற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளை வேறொரு பக்கம். 1860-இல் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அடிமைகளாக இருந்தவர்கள் 39 லட்சத்துக்கும் அதிகம்.

பருத்தி மண்ணைத் தின்றுவிடும் பயிர், புது நிலம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேற்கே புதிதாகச் சேரும் மாநிலங்களில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் நாட்டை உலுக்கியது. 1820-இல் ஒரு கோடு கிழித்து, அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று சமாளித்தார்கள். 1854-இல் அதை அழித்தார்கள். கான்சாஸில் இரத்தம் சிந்தியது. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் இந்நாட்டின் குடிமக்களாக முடியாது, மேற்குப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமும் இல்லை என்று தீர்ப்பளித்தது. 1859-இல், அடிமை முறையை ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்குமேடை ஏறினார். 1860 நவம்பரில், அடிமை முறை இனிப் பரவக் கூடாது என்ற கொள்கையோடு நின்ற லிங்கன், 40 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகள் பெற்று வென்றார். தெற்கின் பத்து மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே இல்லை. தங்கள் ஒப்புதல் இல்லாமலே ஒருவர் நாட்டின் தலைவராக முடியும் என்று தெற்கு அன்று கண்டுகொண்டது.

கேள்வி: ஒரு அடிமையையும் விடுவிக்காமல் நாட்டைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்று லிங்கனே எழுதியிருக்கிறாரே. அவரை எப்படி விடுதலை தந்தவர் என்கிறீர்கள்?

எழுதியது உண்மை. 1862 ஆகஸ்ட் 22, பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, பிரிந்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவைத் தம் அமைச்சர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தார். போர்க்களத்தில் ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில் எழுதிய கடிதம் அது. எல்லா இடத்திலும் எல்லா மனிதரும் விடுதலையாக இருக்க வேண்டும் என்பதே தம் சொந்த விருப்பம் என்று அதன் முடிவில் சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவரைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. அதே ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்குக் கறுப்பினத் தலைவர்களை அழைத்து, நீங்கள் வேறு நாட்டில் குடியேறுவது நல்லது என்று சொன்னவரும் அவர்தான். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர் மாறினார். அவரை மாற்றியவர்களைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: தவறாக நினைக்காதீர்கள். 39 லட்சம் பேர் இருந்தும் அடிமைகள் ஏன் எதிர்க்கவில்லை? வெள்ளையர் சண்டையிட்டு அவர்களுக்கு விடுதலையைக் கொடுத்ததாகத்தானே இருக்கிறது?

தவறாக நினைக்கவில்லை. பாடப்புத்தகம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் இவ்வளவு நேரம் எழுதியதே இந்தக் கேள்விக்கு வருவதற்குத்தான்.

1861 மே 23 இரவு. போர் தொடங்கி ஆறு வாரம். வர்ஜீனியா மக்கள் பிரிந்துபோக வாக்களித்த அதே நாள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு சிறு படகில் ஏறிக் கழிமுகத்தைக் கடந்து, ஒன்றியப் படையிடம், அதாவது வடக்கின் படையிடம், இருந்த மன்றோ கோட்டைக்குத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்ட அவர்களை வேலை வாங்கியிருந்தார்கள். அடுத்து, குடும்பத்தைப் பிரித்து வட கரோலினாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் கரையேறிய முனை எது தெரியுமா? ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களை 1619-இல் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய அதே இடம்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். மறுநாள் தெற்குப் படையின் அதிகாரி ஒருவர் வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி மூவரையும் திருப்பித் தாருங்கள் என்றார். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, அயல்நாட்டுக்கு இந்தச் சட்டம் எப்படிச் செல்லும் என்று பட்லர் திருப்பிக் கேட்டார். எதிரியின் போருக்குப் பயன்படும் பொருளைக் கைப்பற்றலாம் என்ற விதியைச் சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். மனிதரைப் பொருள் என்று சொல்லியே காப்பாற்றிய வாதம் அது. கசப்பானதுதான், ஆனால் கதவு திறந்துவிட்டது. செய்தி வாய்வழியாகப் பரவியது. ஜூலை முடிவதற்குள் கோட்டைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 900 பேர், குழந்தையை இடுப்பில் சுமந்த பெண்களும் முதியவர்களும் உட்பட. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. போர் முடிவதற்குள் இப்படி நடந்தும் நீந்தியும் படகேறியும் ஒன்றியப் படையை அடைந்தவர்கள் சுமார் 5 லட்சம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தோட்டத்தில் வேலை நின்றது, தெற்கின் முதுகெலும்பு நொறுங்கியது. பிரகடனத்தில் லிங்கன் கையெழுத்திட்டது 1863 ஜனவரி 1-இல். இவர்கள் அதற்கு 19 மாதம் முன்பே தங்கள் காலால் அதை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

ராபர்ட் ஸ்மால்ஸ் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ‘பிளான்டர்’ என்ற படைக் கப்பலைச் செலுத்திய 23 வயது அடிமை. 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கும்போது, கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மனைவி மக்களையும் மற்றவர்களையும் ஏற்றி, கோட்டைகளுக்குச் சரியான ஊதல் சமிக்ஞை கொடுத்தபடியே கடந்துபோய் ஒன்றியக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிற்காலத்தில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். தம்மை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையும் வாங்கினார்.

இன்னும் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியத் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு, சமமாகத் தரும்வரை ஊதியமே வேண்டாம் என்று மறுத்துவிட்டு, சம்பளம் வாங்காமலே தெற்கின் வாக்னர் கோட்டைச் சுவரில் ஏறிச் செத்தது. 1864 ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது. இதற்கு மேல் எதிர்ப்பு என்று எதைச் சொல்வது?

கேள்வி: அடிமை வைத்திருக்காத ஏழை வெள்ளையர் ஏன் தெற்குக்காகப் போரிட்டார்கள்?

தெற்கின் வெள்ளைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு அடிமைகள் இல்லை. ஆனால் எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்குச் சோறு போல. சாதியைக் கண்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொந்த ஊருக்குள் எதிரிப்படை வந்துவிட்டது என்பதும் ஒரு காரணம். 1862-இல், 20 அடிமைகள் உள்ள தோட்டத்தில் ஒரு வெள்ளையருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு என்று சட்டம் வந்தபோது, பணக்காரன் மூட்டிய போரில் ஏழை சாகிறான் என்று அவர்களே முணுமுணுத்தார்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு அடுத்த மாதம் தேர்வு. போரின் போக்கை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தங்கையே, இதை எழுதிக்கொள். 1861 ஏப்ரல் 12, சம்டர் கோட்டை மீது தெற்கு குண்டு வீசியது. லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்ததும் மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்து, கூட்டமைப்பில் 11 ஆயின. ஜூலையில் புல் ரன் சண்டையில் வடக்கு ஓடியது. வடக்கின் உத்தி: துறைமுகங்களை முற்றுகையிடு, மிசிசிப்பி ஆற்றைப் பிடித்துத் தெற்கை இரண்டாகப் பிள, தலைநகர் ரிச்மண்டை நெருக்கு. 1862 செப்டம்பர் 17 ஆன்டிடம், ஒரே நாளில் சுமார் 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். ஐந்து நாள் கழித்து முதற்கட்டப் பிரகடனம். 1863 ஜூலை 3-இல் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தது, மறுநாள் விக்ஸ்பர்க் வீழ்ந்து ஆறு வடக்கின் கைக்கு வந்தது. தேர்வில் எல்லாரும் கெட்டிஸ்பர்க்கையே எழுதுவார்கள். நீ விக்ஸ்பர்க்கையும் எழுது. 1864 செப்டம்பரில் வடக்கின் தளபதி ஷெர்மன் தெற்கின் அட்லாண்டா நகரைப் பிடித்தார், அதனால் லிங்கன் மறுதேர்தலில் வென்றார். 1865 ஏப்ரல் 9, அப்பமாட்டாக்ஸில் தெற்கின் தளபதி லீ வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தார். ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டு, மறுநாள் காலை இறந்தார்.

மாண்டவர் தொகையையும் சிலர் கேட்டிருந்தீர்கள். நெடுங்காலம் 6,20,000 என்று சொல்லப்பட்டது. அண்மை மதிப்பீடுகள் 7 லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகின்றன. 3 கோடியே 14 லட்சம் மக்கள் இருந்த நாட்டில் இது. பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அல்ல; வயிற்றுக்கடுப்பு, டைபாய்டு போன்ற நோய்கள்.

கேள்வி: பிரிட்டன் செய்தது போல உடைமையாளருக்குப் பணம் கொடுத்து விடுவித்திருக்கலாமே?

லிங்கன் முயன்றார். டெலவேர் மாநிலத்தில் அப்போது 1,800 அடிமைகள்கூட இல்லை, அதுவே மறுத்துவிட்டது. தலைநகர் வாஷிங்டனில் மட்டும் 1862 ஏப்ரலில் அது நடந்தது: ஆளுக்கு 300 டாலர் வரை, உடைமையாளருக்கு. விடுதலையானவருக்கு, நாட்டை விட்டே போகச் சம்மதித்தால் 100 டாலர் வரை! மற்றபடி, அடிமைகளின் சந்தை மதிப்பு நாட்டின் ரயில் பாதைகளையும் தொழிற்சாலைகளையும் சேர்த்த மதிப்பைவிட அதிகம். அந்தச் சொத்தை விற்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை.

கேள்வி: நம் பக்கம் ஏதாவது பாதிப்பு இருந்ததா?

இருந்தது. முற்றுகையால் அமெரிக்கப் பருத்தி நின்றதும் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் இந்தியாவின் பக்கம் திரும்பின. பம்பாயில் பணம் கொட்டியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியிலிருந்து ஏறிய விலைக்குக் கப்பலேறியது. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, பம்பாயில் பெரும் செல்வர்கள் திவாலானார்கள்.

கேள்வி: விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் முதலில் என்ன செய்தார்கள்?

டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் அந்தச் செய்தி அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19. அந்த டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்தது, குற்றத்துக்கான தண்டனை என்ற ஓட்டையை மட்டும் விட்டுவைத்து. கடலோரத்தில், விடுதலையான குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 40 ஏக்கர் வரை என்று தளபதி ஷெர்மன் ஒதுக்கிய நிலத்தை, புதிய தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். அதன் பின்கதை தனியாக எழுத வேண்டியது.

நீங்கள் கேட்டது முதலில் என்ன செய்தார்கள் என்று. தேடினார்கள். விற்கப்பட்ட தாயை, மகனை, தங்கையைத் தேடி ஊர் ஊராக நடந்தார்கள். கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். தேவாலயங்களில் அவற்றைச் சத்தமாகப் படித்தார்கள். அம்மாவின் பெயர், கடைசியாக அவளுக்கு உடைமையாளராக இருந்தவர் பெயர், எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரிடம் விற்கப்பட்டாள், அப்போது எனக்கு என்ன வயது. சில வரிகள்தான். இந்த விளம்பரங்கள் போர் முடிந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வந்துகொண்டிருந்தன.