பிள்ளைகள் வந்த நாலாம் நாள்

கேள்வி:
இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவள் நான். வயது 61. குளச்சலுக்குப் பக்கத்தில் கடலோர ஊர். வீட்டுக்காரர் கடல் தொழிலை விட்டுவிட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறார். மகன் பெங்களூரில், மகள் சென்னையில். கிறிஸ்துமஸ் லீவுக்கு ரெண்டு குடும்பமும் 22-ஆம் தேதி வந்து இறங்கிவிடும். எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர். செப்டம்பர் பிறந்ததில் இருந்தே நாள் எண்ணுவேன். ஆனால் அவர்கள் வந்து நாலு நாள் ஆனதும், எப்போ கிளம்புவார்கள் என்று மனசு நினைக்க ஆரம்பித்துவிடுகிறது. போன வருஷம் ரயில் ஏற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தியதும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன். அப்புறம் அதை நினைத்து ராத்திரி முழுக்க அழுதேன். மருமகள் நல்ல பிள்ளை, உதவிக்கு வருவாள். நான்தான் விடமாட்டேன். பேரப்பிள்ளைகள் போனும் கையுமாக இருப்பது வேறு கோபம் வருகிறது. பெற்ற பிள்ளைகள் மேல் எனக்குப் பாசம் குறைந்துவிட்டதா? 26-ஆம் தேதி நான் கோயிலுக்குப் போவேன், அவர்கள் எல்லோரும் கன்னியாகுமரி பார்க்கப் போவார்கள். என் தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது அன்றைக்குத்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பதில்:
அக்கா, பாசம் குறையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நிம்மதியாக வாசிக்க மாட்டீர்கள். உங்களுக்கு வந்திருப்பது அசதி. அத்தனை நாள் அசதியும் சேர்ந்து, கதவைச் சாத்திய நிமிஷத்தில் ஒரு மூச்சாக வெளியே வந்திருக்கிறது.

ரெண்டு பேருக்குச் சமைக்கும் வீட்டில் திடீரென்று பத்துப் பேர் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புட்டுக்குழலில் ஒரு ஈடு அவித்தால் ரெண்டு பேருக்குத்தான் காணும். பத்துப் பேருக்கு அஞ்சு ஈடு. கடைசி ஈடு இறங்குவதற்குள் வாசலில் மீன்காரர் சத்தம் கேட்கும். பெங்களூரில் பிள்ளைக்கு இப்படி மீன் கிடைக்காதே என்று சாளை ரெண்டு கிலோ வாங்கிவிடுவீர்கள். ஒவ்வொரு சாளையாகச் செதில் உரசி, தலை கிள்ளி, குடல் எடுத்து, சட்டியில் உப்புப் போட்டு உரசிக் கழுவ வேண்டும். தேங்காய் திருவ வேண்டும், அரைப்பு அரைக்க வேண்டும், புளிமுளம் என்கிற மீன்குழம்பு வைக்க வேண்டும். மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்து அவிக்க வேண்டும். சின்னப் பேரனுக்குக் காரம் ஆகாது என்றால் அவனுக்குத் தனியாக நாலு மீன் பொரிக்க வேண்டும். பாத்திரம் எல்லாம் ஒதுங்கவைத்து நிமிர்ந்தால், "பாட்டி, சாயங்காலம் தின்ன என்ன இருக்கு?" என்று ஒரு குரல். போதாக்குறைக்கு நம் ஊர் டிசம்பரில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பத்துப் பேர் துணியைக் கொடியில் போடுவதும் எடுப்பதுமாகவே பாதி நாள் போய்விடும்.

இதில் யார் கண்ணிலும் படாத இன்னொன்றும் இருக்கிறது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் உங்களுக்கென்று ஒரு நாள்நடப்பு இருக்கிறது. மத்தியானம் கொஞ்சம் கண்ணசருவீர்கள். சாயங்காலம் வீட்டுக்காரரும் நீங்களும் கட்டன் சாயா குடித்துக்கொண்டு வாசலில் இருப்பீர்கள். அந்தி மணி அடித்ததும் ஜெபமாலை. பிள்ளைகள் வந்த அன்றைக்கே இது அத்தனையும் நின்றுபோகிறது. விடுமுறை வந்தவர்களுக்குத்தான், வீட்டில் இருந்தவளுக்கு இருந்த ஓய்வும் போய்விட்டது. நானும் இந்த மாவட்டத்துக்காரிதான். டிசம்பர் மாசத்தில் என் அம்மா நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கும் வீடுகளிலும் பெண்களுக்கு இதே பாடுதான்.

மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன், கோபிக்காதீர்கள். "மாமி, நான் என்ன செய்யட்டும்?" என்று அவள் கேட்பாள். "ஒண்ணும் வேண்டாம் மக்களே, நீ போய் இரி" என்பீர்கள். வருஷம் முழுக்க ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடுகிற பிள்ளை நாலு நாள் ஓய்வாக இருக்கட்டும் என்ற நல்ல மனசில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அடுக்களையில் நீங்கள் வியர்த்து ஒழுகும்போது, உள்ளறையில் அவளால் நிம்மதியாக இருக்க முடியும் என்றா நினைக்கிறீர்கள்? தான் இன்னும் விருந்துக்காரிதான் போல என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொண்டு போவாள். அவளுக்கு வேலை கொடுங்கள். "ஏதாவது செய்" என்றால் பயன் இல்லை. எந்த டப்பா எங்கே என்று தெரியாமல் நிற்பாள். காலைப் பலகாரம் முழுக்க அவள் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். அவள் தோசை வார்த்தாலும் சரி, உப்புமா கிண்டினாலும் சரி, அதுதான் அன்றைய காலைச் சாப்பாடு. அந்த நேரத்தில் நீங்கள் அடுக்களைப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். இதுதான் உங்களுக்குச் சிரமம் என்று தெரியும், இருந்தாலும் செய்யுங்கள்.

மகனையும் சும்மா விடாதீர்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஆணுக்கு மீன் வெட்டத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். மகள் புருஷனுக்குத் துணி மடிக்கத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர், அதான் பிள்ளைகளின் பாட்டா, அவருக்குத் தேங்காய் திருவத் தெரியும்.

பலகாரம். முந்திரிக்கொத்து, அச்சப்பம், முறுக்கு, அதிரசம் என்று நாலு தினுசும் செய்து டின்னில் அடைத்து வைத்தால்தான் கிறிஸ்துமஸ் என்று நாம் பழகிவிட்டோம். இந்த வருஷம் ஒன்றே ஒன்று செய்யுங்கள், மற்றதைக் கடையில் வாங்குங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நல்ல அச்சப்பம் கிடைக்கிறது, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. வீட்டில் செய்வதற்கு நான் முந்திரிக்கொத்தைச் சொல்வேன், ஏனென்றால் அதில் சின்னக் கைகளுக்கு வேலை இருக்கிறது. சிறுபயறை வறுத்துப் பொடிப்பதும் கருப்பட்டிப் பாகு காய்ச்சுவதும் பெரியவர்கள் வேலை. தேங்காயும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்துப் பாகு ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். சூடு ஆறிவிட்டால் உருண்டை பிடிக்க வராது, உதிர்ந்துபோகும். அதனால் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடித்தான் வர வேண்டும். அப்புறம் மஞ்சள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூணு மூணாக எண்ணெயில் விடுவது உங்கள் வேலை. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக எழும்பி வருவதைப் பார்க்கும் பிள்ளையை அடுப்புப் பக்கத்தில் இருந்து விரட்டுவதுதான் பாடாக இருக்கும். உருண்டை சின்னதும் பெரிதுமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

போனைப் பற்றி இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. விடியற்காலையில் பாட்டா கூடக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் நின்று கரமடி வலை இழுப்பதைக் காட்டட்டும், சாயங்காலம் குடில் ஜோடிக்க வைக்கோலும் களிமண்ணும் கொண்டுவரச் சொல்லுங்கள். மிச்ச நேரம் போன் பார்த்தால் பார்க்கட்டும்.

சரி, இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள். போகிற போக்கில் எழுதிவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டீர்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை, அக்கா.

22-ஆம் தேதி வந்து இறங்குகிறார்கள், நாலு நாள் ஆனதும் மனசு மாறுகிறது என்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். நாலாம் நாள் 25, அதற்கு மறுநாள் 26. எல்லோரும் போனால் தேவலை என்று தோன்றுவதற்கு அடுக்களை வேலை ஒரு காரணம்தான். தங்கச்சியை நினைத்துத் தனியாக உட்கார்ந்து அழுவதற்கு, பத்துப் பேர் இருக்கும் வீட்டில் உங்களுக்கு இடம் இல்லை. மனசு அந்த இடத்தைத்தான் கேட்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்ற ஊர்களில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்றால் மிச்சக் கேக்கும் தூக்கமும்தான். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கரையில் அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பண்டிகைக்குக் கட்டின நட்சத்திரம் வாசலில் இருக்கும்போதே கடல் ஊருக்குள் வந்தது. மணக்குடியில் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. இருபது வருஷம் தாண்டியும் நம் ஊர்களில் 25-ஆம் தேதி பாட்டுச் சத்தம், 26-ஆம் தேதி கல்லறையில் மெழுகுதிரி. நடுவில் ஒரு ராத்திரிதான் இருக்கிறது. அந்த ஒரு ராத்திரிக்குள் சந்தோஷத்தை எடுத்து வைத்துவிட்டுத் துக்கத்துக்கு மாறுவது யாருக்கும் லேசான காரியம் இல்லை. நீங்கள் அதை வருஷா வருஷம் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் அன்றைக்குக் கன்னியாகுமரிக்குப் போவதை, நம் துக்கம் இவர்களுக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ. உங்கள் வயதை வைத்துப் பார்த்தால், 2004-ல் மகனும் மகளும் பள்ளிக்கூடம் போகிற பருவத்தில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் அவள் சித்திதான். அன்றைக்கு ஊரில் நடந்ததை அவர்களும் பார்த்திருப்பார்கள். அந்த நாளில் கல்லறைக்கு வர முடியாமல்தான் ஊரை விட்டுத் தள்ளிப் போகிறார்களோ? இதை ஊகமாகத்தான் சொல்கிறேன். மகனிடம் நீங்கள் கேட்டால்தான் தெரியும். "26-ஆம் தேதி உனக்கு எப்படி மக்களே இருக்கும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை.

பேரப்பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். பாட்டி ஏன் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முகம் வாடி இருக்கிறாள் என்று பிள்ளைகள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். காரணம் தெரியாவிட்டால் நாம்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் காலை எப்படி இருந்தது, யாரை எங்கே தேடினீர்கள் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். தங்கச்சியைப் பற்றிச் சொல்லுங்கள். அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்குச் சண்டை போடுவாள், உங்கள் மகனைத் தூக்கிக்கொண்டு எங்கெல்லாம் அலைந்தாள் என்று. போட்டோ இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். இப்படி ஒரு சின்னப் பாட்டி நமக்கு இருந்தாள் என்று அவர்களுக்குத் தெரியட்டும். அப்புறம், கோயிலுக்குக் கூட வருகிறாயா என்று கேளுங்கள். வருகிற பிள்ளை கையில் ஒரு மெழுகுதிரியைக் கொடுங்கள். வராத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

கன்னியாகுமரிப் பயணத்தை 28-க்கோ 29-க்கோ மாற்றச் சொல்லுங்கள். சபரிமலை சீசன், பள்ளி விடுமுறை ரெண்டும் சேர்ந்து அந்த வாரம் முழுக்கக் கூட்டம்தான். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ஆம் தேதி கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அப்போதிலிருந்து அந்தப் பாலத்தில் நடக்க வேண்டும் என்று வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காலையில் சீக்கிரமே படகு வரிசைக்குப் போய்விட வேண்டும். கடலில் நீர்மட்டம் தாழ்ந்தால் படகையும் நிறுத்திவிடுவார்கள். அப்படி ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையோ மாத்தூர் தொட்டிப் பாலமோ பார்த்துவிட்டு வரட்டும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நீங்கள் கூடப் போகாதீர்கள். கட்டுச்சோறு கட்டுகிறேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள், அவர்கள் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு பகல் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும். பழங்கஞ்சியும் துவையலும் போதும், மத்தியானம் தூங்குங்கள்.

ராத்திரி முழுக்க அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விடுமுறை முடிந்து வாரக்கணக்காகியும் அழுகை நிற்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதை அப்படியே விட வேண்டாம். டெலி மானஸ் என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பைத்தியத்துக்குத்தான் அது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே அக்டோபர் கடைசியில் எப்படியும் டிக்கெட் பேச்சு வரும். அந்தப் போனிலேயே மகனிடம் 26-ஆம் தேதியைப் பற்றிப் பேசிவிடுங்கள். திரும்பிப் போகும் தேதியையும் அப்போதே முடிவு பண்ணச் சொல்லுங்கள், என்றைக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தாலே உங்கள் உடம்பு அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளும். அப்புறம் போனை மருமகளிடம் கொடுக்கச் சொல்லி, காலைச் சாப்பாடு இனி அவள் பாடு என்றும், பயறு நான் வறுத்து வைக்கிறேன், உருட்டுவது நீயும் பிள்ளைகளும் என்றும் சொல்லிவிடுங்கள்.