வாசகர் கேள்வி பதில்: சாலை முடியும் இடத்திலிருந்து ஒரு கடற்கரை

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பணிபுரிகிறாள். வரும் ஜூன் மாதம் எங்களை அழைத்து, அந்நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள சாண்ட்வுட் விரிகுடாக் கடற்கரையைக் காட்ட விரும்புகிறாள். சாலையே இல்லாத இடமாம். எனக்கு 61 வயது, கணவருக்கு 66; அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இன்னொரு கடலைப் பார்க்க இவ்வளவு சிரமம் தேவையா? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: அவசியம் போய் வாருங்கள், சகோதரி. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நம் கரையின் பெரும்பகுதி இன்று கருங்கல் கொட்டிய தடுப்பாக நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் எழுந்த பின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் மெரினா பக்கமே தங்கிவிட, நம் பக்கத்துக் குப்பங்களைக் கடலரிப்பு ஒவ்வொன்றாகத் தின்றது. கால் புதைய நடக்க மணல் இல்லாமல் போன ஊர்க்காரர்களாகிய நமக்கு, இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கடையோ விளக்குக் கம்பமோ இல்லாமல் விரிந்து கிடக்கும் மணலைப் பார்ப்பது வீண் சிரமம் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் புறப்படுவதற்கு முன் திரும்பி வரும் நடையைக் கணக்குப் போடுங்கள். பிளேர்மோர் என்ற சிற்றூரில் காரை நிறுத்திவிட்டால், அங்கிருந்து ஒரு வழிக்கு ஆறரை கிலோமீட்டர், போக வர பதின்மூன்று. திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனை வரை நடப்பதைவிட இது அதிகம். பாதை முதலில் சரளைக்கல்லும் மண்ணுமாக, சிறு ஏரிகளை ஒட்டி, மரமே இல்லாத சதுப்பு வெளியில் ஏறக்குறைய சமமாகச் செல்கிறது. பிறகு கல் பாவிய ஒற்றையடித் தடமாகி, கடைசியில் மணல்மேடுகள் வழியாகக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது உற்சாகமாக இருக்கும் அந்தச் சரிவுதான் திரும்பும்போது முதல் ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம். நான் சென்ற அன்று காற்று பலமாக இருந்தது. உலர்ந்த மணல், கணுக்கால் உயரத்தில் புகைபோல ஓடிக்கொண்டே இருந்தது. நின்று பார்த்தால் தரையே நகர்வதுபோல் தோன்றியது. தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் சுமார் 65 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை தனித்து நிற்கிறது. அதை ஆம் புவாஹில் என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அதற்கு மேய்ப்பன் என்று பொருள். அலைகளை ஓட்டிக்கொண்டு போகிறவனைப்போலவே அது நின்றது.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே இருவரும் மாலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து, மெல்ல மெல்லக் கூட்டிப் பாருங்கள். மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது உங்கள் கணவரின் முழங்கால் என்ன சொல்கிறதோ அதுவே விடை. முடியாது என்று தெரிந்தால் வருந்த வேண்டியதில்லை. பிளேர்மோருக்குப் போகும் வழியிலேயே ஓல்ட்ஷோர்மோர் என்ற அழகிய வெண்மணல் கரை இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். வடக்கே டர்னஸ் ஊரை ஒட்டிய பால்னகீல் கரைக்கும் காரிலேயே போய்விடலாம். அவரை அங்கே அமர வைத்துவிட்டு, நீங்களும் மகளும் மட்டும் மற்றொரு நாள் சாண்ட்வுட் போய் வருவதிலும் தவறில்லை.

அபர்டீனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். இன்வர்னஸ் நகரிலிருந்தே 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். கடைசிப் பகுதியில் ஒரு வண்டி மட்டும் போகும் அளவுக்கே சாலை. எதிரே வருபவருக்கு வழிவிடுவதற்காக ஆங்காங்கே அகலப்படுத்தியிருக்கும் இடங்களில் படம் எடுக்க வண்டியை நிறுத்துவது பெரிய தவறு. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் குளிர் உண்டு; அந்தக் காற்றில் குடை நிற்காது, தலையை மூடும் மழைக்கோட்டு வேண்டும். குடிநீரையும் புளிச்சோற்றையும் கையோடு கொண்டு போங்கள். காற்று ஓய்ந்த வேளையில் மிட்ஜ் எனப்படும் பொடி ஈக்கள் கூட்டமாகக் கடிக்கும். புல்வெளியில் நடந்து வந்தபின் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அகற்றுங்கள். அதனால் லைம் என்ற நோய் பரவக்கூடும்.

கேள்வி: காசிமேட்டுக்காரன் நான். எட்டு வயதிலிருந்து கடலில் நீந்துகிறேன். ஆகஸ்டில் நண்பர்களோடு ஸ்காட்லாந்தின் வட கரைக்குப் போகிறேன். அங்கே கடலில் இறங்க வேண்டாம் என்று பயமுறுத்துகிறார்கள். நமக்குத் தெரியாத கடலா? (வாசகர், காசிமேடு)

பதில்: தம்பி, அது நீங்கள் அறியாத கடல்தான். நம் கடல் 28 டிகிரி அளவில் வெதுவெதுப்பானது. அந்தக் கடல் உச்சக் கோடையிலும் 14 டிகிரியைத் தாண்டுவது அரிது. திடீரென இறங்கினால் முதல் ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு நம் வசத்தில் இராது. வாய் தானாகவே திறந்து காற்றை இழுக்கும், அந்த நேரத்தில் அலை முகத்தில் அடித்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் இறக்கிறார்கள். அந்நிலையில் நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். நம் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கும் மேல் ஏறும். வற்றிய நேரத்தில் பாறை முனையைச் சுற்றி அடுத்த மணற்கரைக்கு நடந்துபோனவர், ஏற்றம் தொடங்கியதும் செங்குத்துப் பாறைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். அன்றைய ஓத நேரத்தைக் குறித்துக்கொள்ளாமல் பாறையோரம் போகாதீர்கள். அந்த ஒதுக்குப்புறக் கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. பல இடங்களில் கைப்பேசியில் சிக்னலும் இராது. சிக்னல் கிடைத்தால் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அந்தக் கடலைப் பார்த்துவிட்டு வந்தாலும் போதும் என்றே சொல்வேன். உங்கள் வீட்டார் இங்கே காத்திருப்பார்கள்.

கேள்வி: அத்தகைய கடற்கரைகளில் கூடாரம் போட்டு இரவு தங்க அனுமதி உண்டா? (மாணவி, எண்ணூர்)

பதில்: உண்டு. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் ஸ்காட்லாந்தின் திறந்த நிலப்பரப்பில் நடக்கவும் சிறு கூடாரம் போட்டுத் தங்கவும் உரிமை தருகிறது. சில பகுதிகளில் மட்டும் தனி விதிகள் உள்ளன. வண்டியில் தங்குவதற்கு இந்த உரிமை பொருந்தாது. குப்பை முழுவதையும் திரும்ப எடுத்து வர வேண்டும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளிக் குழி தோண்டி மூட வேண்டும். மே முதல் ஜூலை வரை சிறு பறவைகள் சரளையிலும் மணலிலும் தரையோடு தரையாக முட்டையிடும். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. மாசி, பங்குனியில் நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தை எப்படி மிதிக்காமல் சுற்றிப் போவோமோ, அப்படியே அங்கும், தலைக்கு மேலே பறவை கத்திக்கொண்டு வட்டமிட்டால், வந்த வழியே பின்வாங்கி வேறு இடம் தேடுங்கள்.