58 மதிப்பெண்... எத்தனைக்கு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் தேர்வைப் பற்றியவை. மிச்சம் அடுத்த முறை.

கே: என் மகள் ஏழாம் வகுப்பு. கணக்கில் 58 வாங்கியிருக்கிறாள். டியூஷன் வைக்கலாமா?

ப: 58 எத்தனைக்கு? 60-க்கா, 100-க்கா? எந்தப் பாடத்திலிருந்து கேட்டார்கள், எங்கே மதிப்பெண் போயிற்று? ஒன்றுமே எழுதவில்லை நீங்கள். நான் வழக்கமாகச் சொல்வதுதான்: முதலில் விடைத்தாளைக் கையில் எடுங்கள். போனதெல்லாம் பின்னத்தில் என்றால் அதற்கு ஒரு வழி, கடைசி இரண்டு கேள்விக்கு நேரம் போதவில்லை என்றால் அதற்கு வேறு வழி. டியூஷன் பேச்சு அப்புறம்.

கே: மகன் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளியில், அதன் நடுநிலை வகுப்புகளுக்கான எம்ஒய்பி பிரிவில் படிக்கிறான். அறிவியலில் 7-க்கு 5. அதாவது 71 சதவீதம், சரிதானே?

ப: சரியில்லை. அதைச் சதவீதமாக மாற்றவே கூடாது. அங்கே நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8, ஆக மொத்தம் 32. அதில் 19 முதல் 23 வரை எடுத்தால் 5. 28 எடுத்தாலே 7 கிடைத்துவிடும். அறிவியலில் பாடத்தைப் புரிந்துகொள்வது ஒரு அளவுகோல், சோதனையைத் திட்டமிடுவது இன்னொன்று. எதில் மதிப்பெண் குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

கே: பீசா தேர்வு எழுதினால் என் மகளின் ரேங்க் தெரியுமா?

ப: தெரியாது. பீசா 15 வயதுப் பிள்ளைகளில் ஒரு மாதிரிக் குழுவை மட்டும் எடுத்து, ஒரு நாட்டின் படிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. 2000-லிருந்து நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாளும் கிடையாது. எட்டாம் வகுப்பில் கணக்குக்கும் அறிவியலுக்கும் பல நாடுகளில் நடக்கும் டிம்ஸ் தேர்வும் இதே ரகம்தான். பீசாவுக்குப் பயிற்சி வகுப்பு என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கே: நான் ஆசிரியை. விடைத்தாளில் மதிப்பெண்ணும் போட்டு, கீழே குறிப்பும் எழுதுகிறேன். குறிப்பை யாரும் படிப்பதே இல்லை. என்ன செய்வது?

ப: படிக்க மாட்டார்கள். தன் மதிப்பெண்ணைப் பார்ப்பான், பக்கத்துப் பையனுடையதைப் பார்ப்பான், தாளை மடித்துப் பைக்குள் திணிப்பான். எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லித் தொண்டை வறண்டாயிற்று! 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே பின்தங்கினார்கள். நீங்கள் இரவு உட்கார்ந்து எழுதிய குறிப்பு மொத்தமும் வீண்.

குறிப்பும் குறிப்பாக இருக்க வேண்டும். ‘கவனம் தேவை’, ‘இன்னும் முயற்சி செய்’ என்பதெல்லாம் குறிப்பே இல்லை. ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது. தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டியிருக்கிறது. ‘2/5 அரையை விடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? நான்காவது, ஏழாவது கணக்கையும் மறுபடி போடு’ என்று எழுதுங்கள். பிள்ளை தானே தேடிப் பிடிக்கும். மதிப்பெண்ணை உங்கள் பதிவேட்டில் மட்டும் குறித்து வையுங்கள். திருத்தி எழுதிக் கொண்டுவந்த பிறகு சொன்னால் போதும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. வளரறி மதிப்பீடு (படிக்கும்போதே குறையைக் கண்டு திருத்த), தொகுத்தறி மதிப்பீடு (முடிவில் எடைபோட) என்ற பிரிவினையை 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற அறிஞர் பாடத்திட்டங்களை எடைபோடுவதற்காகச் செய்தார். பிள்ளைகளின் படிப்புக்கு அதைக் கொண்டுவந்தவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். நம் பள்ளிக்கூடங்கள் என்ன செய்கின்றன? வளரறி என்று பெயர் வைத்துவிட்டு, அதையும் கூட்டி ஆண்டு மொத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. மொத்தத்தில் சேரும் என்று தெரிந்த நிமிடமே பிள்ளை தனக்குத் தெரியாததை மறைக்கத் தொடங்கிவிடும். ஒப்படைப்பை அப்பா எழுதுகிறார், சார்ட்டுக்கு அம்மா வண்ணம் தீட்டுகிறார். பாவம், அவர்கள் இருவரும் எப்போதோ எட்டாம் வகுப்பு பாஸ் செய்தவர்கள்.

தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். எல்லாத் தாளுக்கும் வேண்டாம், பருவத்துக்கு இரண்டு தாளில் செய்து பாருங்கள்.

கே: ஒப்படைப்பு தரவில்லை என்று பூஜ்யம் போட்டுவிட்டார்கள். நியாயமா?

ப: மூன்று தாளில் 80, 80, 80, நான்காவதைத் தரவில்லை, 0. சராசரி 60. எந்தத் தாளிலும் அந்தப் பிள்ளை 60 வாங்கவே இல்லை! தராமல் இருந்தது தப்புதான். அதைத் தனிப் பத்தியில் எழுதட்டும், பாட அறிவோடு கலக்க வேண்டாம்.

கே: கொள்குறி வினா மட்டும் வைத்தால் திருத்துவது சுலபம். போதாதா?

ப: உங்களுக்குச் சுலபம். நான்கு விடை கொடுத்து 20 கேள்வி கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஐந்து வாக்கில் வந்துவிடும். கடிதம் எழுதத் தெரிகிறதா என்பதையும் டிக் அடிக்க வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கே: நாலு தடவை படிக்கிறான், ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறான்.

ப: ஐந்தாவது தடவை படிக்கச் சொல்லாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எழுதியதைப் புத்தகத்தோடு அவனே ஒப்பிட்டுத் திருத்தட்டும். நீங்கள் சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார வேண்டாம்.