சக்கர நாற்காலியும் உடலசைவு விளையாட்டுகளும்

கேள்வி: என் 12 வயது மகள் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவள். உறவினர் வீட்டில், உடலை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டபோது, கேமரா அவளைச் சரியாக அடையாளம் காணவே இல்லை. பொத்தானை அழுத்தி ஆடும் விளையாட்டுகளே அவளுக்குப் போதும் என்று சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: இருக்கிறது. ஆடுபவர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார் என்று வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவதே இந்தச் சிக்கலின் வேர். 2010இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட, உடலசைவை உணரும் கினெக்ட் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் கேமரா, எதிரே இருப்பவரின் உடலில் 20 மூட்டுப் புள்ளிகளைத் தேடும், நாற்காலியின் சட்டமும் சக்கரங்களும் கால்களோடு கலந்து தெரியும்போது அந்தக் கணிப்பு தடுமாறிவிடும். 2012இல், கணினிக்கான கினெக்ட் மென்பொருளில், தலை, தோள், கைகள் சார்ந்த 10 புள்ளிகளை மட்டும் பின்தொடரும் அமர்நிலை முறை சேர்க்கப்பட்டது. கனடாவின் சஸ்காட்செவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டுவதையும் பக்கவாட்டில் திருப்புவதையுமே விளையாட்டுக்கான கட்டளைகளாக ஏற்கும் கினெக்ட்வீல்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். நாற்காலியையும் ஆடுபவரின் உடலாகவே கருதிய அந்த அணுகுமுறைதான் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

2018இல் வந்த, பெரிய பொத்தான்கள் கொண்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் என்ற கருவி, கைகளை இயக்கச் சிரமப்படுவோருக்குப் பெரும் உதவி. ஆனால் உங்கள் மகள் விரும்புவது, தன் கைகளை வீசி மற்றவர்களோடு ஆடுவதை. ஆகவே கேமராவை நம்பாமல், கையில் பிடிக்கும் கருவியின் அசைவை உணரும் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டுத் தொகுப்பில் உள்ள பௌலிங், டென்னிஸ் போன்றவற்றை அமர்ந்தபடியே ஆடலாம். தொடையில் கருவியைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடச் சொல்லும் ரிங் ஃபிட் அட்வெஞ்சர் போன்றவை பொருந்தாது என்பதால், வாங்கும் முன் அமர்ந்து ஆட முடியுமா என்று அவசியம் விசாரியுங்கள். குதிப்பதற்கும் குனிவதற்கும் மாற்று அசைவு தருவதும், ஒருவரின் கை எட்டும் தூரத்தை முதலில் அளந்து அதற்கேற்ப விளையாட்டைச் சரிசெய்வதும் தயாரிப்பாளர்களின் கடமை. வாங்குவோர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஆடும்போது சக்கரங்களின் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். கைதாங்கிகள் வீச்சுக்கு இடையூறாக இருந்தால், அவற்றைக் கழற்றலாமா என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். முதுகுக்கும் இடுப்புக்கும் பிடிமானம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அவற்றைக் கழற்றுவது ஆபத்தாகலாம். சக்கரங்களைத் தானே உருட்டுபவளானால், அவளுடைய தோள்கள் நாள் முழுவதும் உழைப்பவை. வலி தெரியும் முன்பே ஓய்வு கொடுங்கள்.