பட்டறைக் கேள்வி பதில்: குறைந்த செலவில் பின் ஆக்ஸிலைக் குறுக்குவது எப்படி?

பழைய காரைத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டுகிறவர்கள் கடைசியில் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் பின் ஆக்ஸில். அது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவை அதை ஒட்டியே வருகின்றன.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 1966 மஸ்டாங், ஆறு சிலிண்டர் வண்டி. அதில் ஒரு அடிபட்ட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 5.0 லிட்டர் வி8 என்ஜினை ஏற்றுகிறேன். பழைய பின் ஆக்ஸில் தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அளவெடுத்து 9 அங்குல ஆக்ஸில் செய்து வாங்கும் அளவுக்குக் கையில் காசில்லை. வேறு வழி உண்டா? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: பயமுறுத்துகிறவர்கள் சொல்வது சரிதான். 65, 66 ஆறு சிலிண்டர் மஸ்டாங்கில் ஃபோர்டு போட்டது 7¼ அங்குல கிரவுன் வீல் (ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரம், அதன் விட்டத்தை வைத்துத்தான் ஆக்ஸிலை 8 அங்குலம், 9 அங்குலம் என்கிறோம்), சக்கரத்துக்கு நான்கு போல்ட். அந்தக் காலத்திலேயே வி8 வண்டிக்கு 8 அங்குல ஆக்ஸிலும் ஐந்து போல்ட்டும் கொடுத்தார்கள், அதிக சக்தி கொண்ட 289 கன அங்குல என்ஜின் வண்டிக்கு 9 அங்குலம். நீங்கள் ஏற்றப்போகும் என்ஜினை முதல் கியரில் ஒருமுறை ஓங்கி மிதித்தால் போதும், உங்கள் பழைய கிரவுன் வீலும், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் பல் உதிர்ந்துவிடும்.

ஆனால் உங்களுக்கான பதில், என்ஜினைக் கொடுத்த அதே எக்ஸ்ப்ளோரரின் அடியிலேயே இருக்கிறது. வண்டியை இன்னும் காயலான் கடைக்குத் தள்ளிவிடவில்லை என்றால் தள்ளாதீர்கள். 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரில் இருப்பது 8.8 அங்குல ஆக்ஸில். சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் உள்முனையில் 31 ஸ்ப்லைன் பற்கள் (நீளவாக்கில் வெட்டிய பள்ளங்கள்), இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், அந்த டிஸ்க்குக்குள்ளேயே கை பிரேக்குக்கு ஒரு சின்ன ட்ரம். சக்கர போல்ட்டும் ஐந்து, 4½ அங்குல வட்டத்தில், அதாவது பழைய வி8 மஸ்டாங்கின் அதே அளவு, அதனால் வீல் தேடுவதும் சுலபம். வி8 எக்ஸ்ப்ளோரர் பலவற்றில் 3.73 விகிதமும் (பினியன் 3.73 முறை சுற்றினால் கிரவுன் வீல் ஒரு முறை) லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் இரண்டுக்கும் சக்தி போகச் செய்வது) சேர்ந்தே கிடைக்கும். பின் மூடியின் போல்ட்டில் தொங்கும் தகட்டில் ‘3எல்73’ என்று அடித்திருந்தால் அது லிமிடெட் ஸ்லிப், நடுவில் ‘எல்’ இல்லாவிட்டால் சாதாரணம். தகடு விழுந்து போயிருந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு ‘டி4’ என்று இருக்கிறதா பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2002இல் வந்த புதிய எக்ஸ்ப்ளோரரில் பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் ஆகிவிட்டது, அது உங்களுக்கு உதவாது.

சரி, இப்போது குறுக்கும் விஷயம். எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில், சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை 59½ அங்குலம். உங்கள் மஸ்டாங்குக்கு வேண்டியது சுமார் 57¼. அப்படியே மாட்டினால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தும். இங்கேதான் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். எக்ஸ்ப்ளோரரில் பினியன் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அதனால் இடது குழாயும் அதற்குள் ஓடும் ஷாஃப்டும் நீளம், வலது பக்கம் குட்டை. இடது குழாயில் 2⅞ அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, நீள ஷாஃப்டைத் தூக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலது ஷாஃப்டைப் போட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மொத்த அகலம் 56⅝ ஆகும், பினியனும் ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடும். அளவு கொடுத்து ஷாஃப்ட் செய்யச் சொன்னால் ஜோடிக்குச் சில நூறு டாலர் போகும், இங்கே காயலான் கடையில் கிடைக்கும் ஒற்றை ஷாஃப்டோடு முடிந்துவிடுகிறது. பட்ஜெட்டில் வேலை செய்கிறவர்கள் இந்த ஆக்ஸிலைத் தேடித் தேடி எடுப்பதற்குக் காரணம் இந்த ஒரே வெட்டுதான்.

அந்த இரண்டாவது ஷாஃப்டை வாங்கும்போது அவசரப்படாதீர்கள். இந்த வகை ஆக்ஸிலில் ரோலர் பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது, ரோலர்கள் நேரடியாக ஷாஃப்டின் மேலேயே உருளும். பேரிங்கும் சீலும் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினாலோ புள்ளிப் புள்ளியாகத் தோல் உரிந்திருந்தாலோ அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள், புது பேரிங் போட்டாலும் அந்த ஷாஃப்ட் அதைச் சீக்கிரமே தின்றுவிடும்.

ஆக்ஸிலைக் கீழே இறக்கியதும் எண்ணெயை வடித்து, ஷாஃப்ட், பேரிங், சீல், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டிஃபரன்ஷியலை வெளியே எடுக்கும்போது இரண்டு பக்க பேரிங் மூடிக்கும் ஷிம்முக்கும் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் வளையத் தகடு) இடது வலது அடையாளம் போட்டு வையுங்கள். பினியனைத் தொடவே தொடாதீர்கள். ஷிம் இடம் மாறாமல் திரும்பப் போய் உட்கார்ந்தால் கிரவுன் பினியன் செட்டிங் ஃபாக்டரியில் இருந்தபடியே இருக்கும், அதைப் புதிதாகச் செட் செய்யக் கொடுக்கும் கூலி மிச்சம். வெட்டுவதற்கு முன் குழாயின் நீளவாக்கில், வெட்டும் இடத்தைத் தாண்டி ஒரு நேர்கோடு கீறிவிடுங்கள். திரும்ப ஒட்டும்போது அந்தக் கோடு கோட்டோடு சேர்ந்தால்தான் பிரேக் காலிப்பர் பழைய கோணத்தில் நிற்கும். இதை மறந்துவிட்டால் காலிப்பர் வேறு பக்கம் திரும்பி நிற்கும், மறுபடி வெட்டவேண்டியதுதான்.

பழைய ஸ்பிரிங் சீட்டுகளை (குழாயின்மேல் ஸ்பிரிங் உட்கார வெல்டு செய்த தகடுகள்) கிரைண்டரால் சுத்தமாக எடுத்துவிட்டு, புது சீட்டுகளை உங்கள் வண்டியின் பட்டை ஸ்பிரிங் இருக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள், ஆனால் முதலில் புள்ளி வெல்டு மட்டும். ஆக்ஸிலை வண்டிக்கு அடியில் மாட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கியபின் பினியன் கோணத்தைப் பார்க்கவேண்டும். கியர்பாக்ஸின் கோடும் பினியனின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும், பட்டை ஸ்பிரிங் வண்டியில் பினியன் மூக்கு அதைவிட இரண்டு டிகிரி போல இறங்கியிருந்தால் நல்லது, ஏனென்றால் மிதிக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு மூக்கு மேலே எழும். கோணம் சரியானபின் கீழே இறக்கி முழு வெல்டு. எக்ஸ்ப்ளோரர் பினியனில் வட்ட ஃபிளாஞ்ச் வரும், அதற்குப் பொருந்தும் கிராஸ் ஜாயிண்ட் அடாப்டர் ஒன்று வாங்கவேண்டும். ப்ரொபெல்லர் ஷாஃப்டை நீளம் சரிசெய்து பேலன்ஸ் போட ஒரு நல்ல கடையிடம் கொடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: குழாயை வெட்டி ஒட்டும்போது வளையாமல் இருக்க ஜிக் வேண்டும் என்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் ஆக்ஸிலின் விலையைவிட அதிகம். ஜிக் இல்லாமல் கண் அளவிலும் ரசமட்டத்திலும் செய்யலாமா? (வாசகர், டொரொண்டோ)

பதில்: செய்யக்கூடாது. மொத்த வேலையிலும் நான் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் குழாயை இழுக்கும், கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் சக்கரத்தில் டோ ஆகவும் (முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்புவது) கேம்பர் ஆகவும் (மேல்பக்கம் சாய்வது) வெளிப்படும், டயரை ஒரு பக்கமாகத் தேய்க்கும், ஷாஃப்டின் ஸ்ப்லைனும் பேரிங்கும் கோணலாகச் சுமை தாங்கி சீக்கிரம் தேயும்.

ஜிக் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நேராகக் கடைந்த, தடிமனான ஒரு நீள இரும்புத் தண்டு, 1½ அங்குல விட்டம் வழக்கமானது. டிஃபரன்ஷியல் பேரிங் உட்காரும் இடத்துக்கு இரண்டு புஷ், குழாயின் இரண்டு முனையிலும் சக்கர பேரிங் உட்காரும் இடத்துக்கு இரண்டு புஷ், நான்கிலும் தண்டு இறுக்கமாக வழுக்கிப் போகும் அளவுக்கு நடுவில் துளை. காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் நல்ல லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் உங்கள் ஹவுசிங்கையே எடுத்துப் போய் அளவெடுத்துக் கடையச் சொல்லலாம். இல்லையா, வெட்டும் முகம் தீட்டும் வேலைகளை நீங்களே செய்துவிட்டு, ஜிக் வைத்திருக்கும் பட்டறையில் வெல்டை மட்டும் கூலிக்குக் கொடுங்கள். செலவு கட்டுப்படுகிற வழி என்று இதைத்தான் பலருக்கும் சொல்கிறேன்.

தண்டு உள்ளே இருக்கும்போதே ஒட்டவேண்டும். விளிம்புகளைச் சாய்வாகத் தேய்த்து, எதிரெதிராக நான்கு புள்ளி வெல்டு, பிறகு ஒரு பக்கம் சின்னத் துண்டு, அதற்கு நேர் எதிர்ப் பக்கம் ஒரு துண்டு, இடையிடையே ஆறவிட்டு. முழுதாக ஆறியபின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றி வெளியே வந்தால் குழாய் நேர். சிக்கினால் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதன் எதிர்ப்பக்கம் சூடு காட்டித் திருப்பி இழுக்கவேண்டும். ஸ்பிரிங் சீட் வெல்டும் குழாயை வளைக்கும், அதனால் எல்லா வெல்டும் முடிந்தபின் தண்டை மறுபடி போட்டுப் பார்த்தே தீரவேண்டும்.

8.8 ஆக்ஸிலில் இன்னொன்றும் உண்டு. குழாய்கள் நடுவிலுள்ள வார்ப்புக் கூட்டுக்குள் அழுத்தி ஏற்றப்பட்டு, சில புள்ளிகளில் மட்டும் வெல்டு செய்யப்பட்டிருக்கும். சக்தி கூடினால் குழாய் கூட்டுக்குள் சுழலக்கூடும். அதைச் சுற்றி வெல்டு செய்ய நினைப்பது நல்லதுதான், ஆனால் கூடு வார்ப்பிரும்பு, குழாய் எஃகு, சாதாரணக் கம்பியில் குளிர்ந்த கூட்டின்மேல் ஒட்டினால் விரிசல் விடும். கூட்டை நன்றாகச் சூடாக்கி, நிக்கல் ராடில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, மூடிவைத்து மெதுவாக ஆறவிடத் தெரிந்த வெல்டரிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் ஆக்ஸில் ஷாஃப்டையே நடுவில் வெட்டி, மேலே பைப் போட்டு வெல்டு செய்து குறுக்கித் தருகிறேன் என்கிறார். மலிவாக இருக்கிறது. நம்பலாமா? (வாசகர், ஹூஸ்டன் அருகிலிருந்து)

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஷாஃப்டின் பலம் அதன் மேல்தோலைச் சூடாக்கிக் கடினப்படுத்தியதில் இருக்கிறது, வெல்டு சூடு அதை அந்த இடத்தில் அழித்துவிடும். 8.8 போன்ற ஆக்ஸிலில் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது உள்முனையில் இருக்கும் ஒரு சின்ன சி-கிளிப் மட்டும்தான், ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம், டிஸ்க், ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து வண்டியை விட்டு வெளியே வந்துவிடும். இதனால்தான் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., கால் மைலை 10.99 நொடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வண்டிகளுக்குத் தனியாக ஷாஃப்டைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வெட்டிய முனையில் புதிதாக ஸ்ப்லைன் பல் எடுப்பது வேறு வேலை, அது முறையானது, ஆனால் ஷாஃப்ட் அந்த இடத்தில் போதிய தடிமனுடன் இருக்கவேண்டும். நடுவில் மெலிந்து போகும் ஷாஃப்டில் பல் எடுக்க உலோகமே மிச்சம் இருக்காது.

கேள்வி: அகல டயர் போட ஆக்ஸிலை எவ்வளவு குறுக்கவேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? (வாசகர், சான் ஹோசே)

பதில்: முதலில் வீலும் டயரும் கையில் இருக்கவேண்டும், காற்றடித்து மாட்டியபடி. பலர் ஆக்ஸிலை வெட்டியபின் டயர் தேடுகிறார்கள், அது தலைகீழ். வீலின் போல்ட் முகத்திலிருந்து டயர் வெளிப்பக்கம் எவ்வளவு புடைக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக இரண்டு மட்கார்டின் உள்விளிம்புக்கு இடையே 70 அங்குலம், இரு பக்கமும் 1 அங்குலம் இடைவெளி விட்டால் 68. டயர் முகத்திலிருந்து வெளியே 5½ அங்குலம் என்றால் இரண்டுக்கும் 11 போக, ஆக்ஸில் 57 அங்குலம். மேலே சொன்ன 56⅝ போட்டால் பக்கத்துக்கு இன்னும் 3/16 அங்குலம் கூடுதல் இடம் கிடைக்கும். பிறகு உள்பக்கத்தையும் அப்படியே அளந்து, டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 1 அங்குலமாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் ஆக்ஸிலைத் தொடுவதற்கு முன் வேறு பேக்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து வீலின் உள்விளிம்பு வரை உள்ள தூரம்) உள்ள வீல் பாருங்கள், ஸ்பிரிங்கை உள்ளே தள்ளுவது பெரிய வேலை.

கேள்வி: கான்டெஸாவில் இதே மாதிரி குறுக்கிய ஆக்ஸிலும் அகல டயரும் போட்டு ரோட்டில் ஓட்டலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் ஊர் லேத் பட்டறைகளின் கைத்திறனுக்கு இந்த வேலை பெரிதல்ல, தடை சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. சாலைக்கு என்றால் நான் செய்யச் சொல்லமாட்டேன். செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறதே, அங்கே மட்டும் ஓட்டும் வண்டி என்றால் எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறீர்களோ அந்தப் பிரிவின் விதிப்புத்தகத்தை முதலில் வாங்கிப் படித்துவிட்டு, ஆக்ஸில் பற்றி அதில் என்ன அனுமதித்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அளவோடு பேசுவோம்.