இருப்பிடத்தைச் சேமித்து வைக்காத வழிகாட்டிச் செயலி எது? டெல்டா கிராமங்களில் அது உதவுமா?

ஆர்கானிக் மேப்ஸ். இரண்டு வருடங்களுக்கு மேலாக என் ஃபோனில் அதுதான் இருக்கிறது. வலங்கைமான், குடவாசல், நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் ஸ்கூட்டரில் தினமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் சுற்றுகிறவள் சொல்கிறேன்: உதவும். குறைகளும் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

நான் ஒரு சிறிய தொண்டு அமைப்பில், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் வேலை பார்க்கிறேன். மாத்திரை தவறாமல் உள்ளே போகிறதா, வாந்தி இருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, எடை கூடியிருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை. ஆனால் போகிற ஊரிலெல்லாம் நான் நர்ஸம்மாதான். சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து. ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் ஊர் நம்பாது. அதனால் வண்டியை யார் வீட்டு வாசலிலும் நிறுத்த மாட்டேன். பிள்ளையார் கோயில் பக்கமோ ரேஷன் கடைப் பக்கமோ விட்டுவிட்டு நடந்து போவேன். பையில் அமைப்பின் பெயர் இருக்காது. இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த நான், பையில் இருந்த ஃபோனை நினைக்கவில்லை.

அதில் இருந்தது பலரும் வைத்திருக்கும் ஒரு வரைபடச் செயலி. பெயர் வேண்டாம். அதற்குக் கொடுத்திருந்த அதே கணக்கைத்தான் வீட்டில் பிள்ளைகள் பாடம் பார்க்கும் டேப்லெட்டிலும் போட்டு வைத்திருந்தேன். பொங்கல் முடிந்த வாரம் என் நாத்தனார் வந்திருந்தாள். ஆலங்குடி குரு கோயிலுக்கு எந்தப் பக்கம் போனால் கிட்டம் என்று பார்க்க டேப்லெட்டைத் திறந்தவள், எதையோ தொட்டிருக்கிறாள். நான் போய்வந்த இடமெல்லாம் நாள்வாரியாக விரிந்துவிட்டது.

"அண்ணி, இந்தத் தெருவுக்கு வாரம் தவறாமல் போயிருக்கிறீர்களே, அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

எட்டிப் பார்த்தேன். ரேஷன் கடையில் வண்டியை விட்ட இடத்திலிருந்து நீலக் கோடு தெருவுக்குள் நுழைந்து, கடைசி வீட்டில் ஒரு புள்ளியாக முடிந்திருந்தது. பக்கத்திலேயே 22 நிமிடம் என்று இருந்தது. "வேலை" என்றேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. என் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் அவளுக்குச் சம்பந்தி வழி உறவும் இருந்தது.

அந்த வீட்டில் ஒரு பெண். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வரன் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது மாத மருந்து ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு மாதம்தான். இரண்டு வாரம் கழித்து நான் போனபோது அவளுடைய அம்மா கையில் முறத்தோடு நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். முறத்தில் இருந்த உளுந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனி நீங்கள் வர வேண்டாம் நர்ஸம்மா. நாங்களே கும்பகோணம் போய் வாங்கிக்கொள்கிறோம்" என்றார். உள்ளே அந்தப் பெண்ணின் கொலுசுச் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. மன்னார்குடிக்காரர்கள் பிறகு வரவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. அவள் மருந்தை முழுதாக முடித்துவிட்டாள், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

இதைப் படித்ததும், கணக்கை இரண்டு கருவியில் போட்டது உன் தவறுதானே என்று சிலர் எழுதுவார்கள். ஆமாம், என் தவறுதான். இல்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் வழி காட்டுவதற்காக வைத்த ஒன்று, வழி காட்டி முடித்த பிறகும் அந்தக் கோட்டை ஏன் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும்? நாத்தனாரைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. அவள் கெட்டவள் இல்லை, வாய் தவறியவள். இன்னும் சிலர், மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம் என்பார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதை விடுங்கள். மறைக்க வேண்டியது என்னுடையதே இல்லையே! நான் போகும் வீடுகளின் ரகசியம் அது. அதைக் கொடுத்துவிட எனக்கு உரிமை கிடையாது.

இப்போது செயலிக்கு வருகிறேன். ஆர்கானிக் மேப்ஸ் 2021-ல் வந்தது. விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, நாம் எங்கே போகிறோம் என்று எங்கும் அனுப்பாது. தமிழ்நாட்டுக்கான வரைபடத்தை ஒருமுறை வைஃபையில் இறக்கிவிட்டால் போதும், தேடுவதும் வழி போடுவதும் ஃபோனுக்குள்ளேயே நடக்கும். இணையம் இல்லாமல் இடம் எப்படித் தெரியும் என்று என்னோடு வேலை செய்பவர்களே கேட்டார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தை ஃபோன் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அது கேட்கிற வேலை மட்டும்தான், வானொலிப் பெட்டி மாதிரி. ஃபோன் மேலே எதையும் சொல்வதில்லை. சொல்வது செயலிதான்.

ஓஸ்மாண்டும் நல்லது, 2010-லிருந்து இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நிவாரணப் பொருளோடு வேதாரண்யம் பக்கம் போனோம். எங்கள் ஃபோன்களில் சிக்னலே இல்லை. கூட வந்த ஒரு தம்பி ஓஸ்மாண்டை வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராக வழி சொன்னான். ஆனால் அதில் அமைப்புகள் அதிகம், பழைய ஃபோனில் மெதுவாக ஓடுகிறது. கோமேப்ஸ் என்று 2025-ல் ஆர்கானிக் மேப்ஸிலிருந்தே பிரிந்து வந்த ஒன்றும் இருக்கிறது, அதையும் பார்க்கலாம். மூன்றுக்கும் அடிப்படை 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். மக்களே வரைகிற வரைபடம் அது.

மக்கள் வரைவது என்பதால்தான் குறையும் வருகிறது. கடைகள் குறைவாகத்தான் இருக்கும், அவற்றின் ஃபோன் எண் கிடைக்காது. நெரிசல் தெரியாது, முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் போகிறவர்கள் இதை நம்பிப் போக வேண்டாம். கிராமத்துக்கு நெரிசல் பிரச்சினை இல்லை, பாலம்தான் பிரச்சினை. கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, அவற்றிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைத்து, பிறகு வாய்க்கால், வடிகால் என்று போகிற நாடு இது. கண்ணுக்கு எதிரே தெரியும் ஊருக்குப் பாலம் தேடி ஐந்தாறு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். ஒரு வடிகால் மேல் இருந்த நடைபாலத்தை யாரோ கார் போகும் சாலையாக வரைந்திருந்தார்கள். ஸ்கூட்டரே கைப்பிடியில் உரசிக்கொண்டுதான் போகும். வீட்டுக்கு வந்து கணினியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் திருத்தினேன். அடுத்த வரைபடப் புதுப்பிப்பில் சரியாகிவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கை. திருத்தங்கள் உங்கள் பயனர் பெயரோடும் நேரத்தோடும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். அதனால் போன இடத்தில் நின்றுகொண்டு திருத்தாதீர்கள். நான் பள்ளி, கோயில், ரேஷன் கடை, பாலம் இவற்றைத் தவிர எதையும் தொடுவதில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனம் பொறுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயர் எத்தனை விதமாகத்தான் எழுதப்படுகிறது! டெல்டாவில் பாதி ஊருக்குக் கீழ, மேல என்று முன்னொட்டு இருக்கும். ஆங்கிலத்தில் அதைக் கீலா என்று ஒரு பலகை, கிலா என்று இன்னொரு பலகை, கிழா என்று பஸ்ஸில். எப்படி எழுதித் தேடினாலும் ஊர் அகப்படாது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டு, எழுத்துமுறை சரியில்லை என்று எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். தமிழ் ஊரைத் தமிழில் எழுதித் தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதானே கேட்கிறோம்? இதுவரை 30 ஊர்களுக்குத் தமிழ்ப் பெயரை நானே சேர்த்திருக்கிறேன்.

கடைசியாக, செயலியை மாற்றினால் மட்டும் முடியாது. முதலில் பழைய கணக்கில் இருக்கும் இருப்பிட வரலாற்றை நிறுத்தி, ஏற்கெனவே சேர்ந்ததையும் அழியுங்கள். பிறகு ஃபோன் அமைப்புகளில் எந்தெந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வழிகாட்டிக்கு மட்டும், அதுவும் பயன்படுத்தும்போது மட்டும் என்று வையுங்கள். நீங்கள் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பது சிம் கொடுத்த நிறுவனத்துக்கு எப்படியும் தெரியும், அதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. அடிக்கடி போகும் இடங்களைக் குறித்து வைப்பதானால் ஆள் பெயர் போடாதீர்கள். என் ஃபோனில் புளியமரம், கைப்பம்பு, ஓட்டு வீடு என்றுதான் இருக்கிறது. நீங்கள் எந்த வட்டம் என்று சொன்னால், அங்கே வரைபடம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.