பேச்சுக்குக் குறைவில்லாத வீடு

கேள்வி: வசனங்களாலேயே நகர்ந்து, கணவன் மனைவி நெருக்கத்தையும் துரோகத்தையும் பேசுகிற படங்களில் உங்களை உலுக்கியது எது? ஏன்?

இங்மர் பெர்க்மன் எழுதி இயக்கிய ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’. 1973-இல் ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக ஆறு பகுதிகளாக எடுத்தார்; பிறகு மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கித் திரையரங்குக்கும் கொண்டுவந்தார். மரியான்னேயாக லிவ் உல்மன், யோஹானாக எர்லாண்ட் யோசப்சன். பெரும்பாலும் இந்த இரண்டு பேரும், ஒரு அறையும்தான்.

இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் பார்த்தபோது மூன்றாம் பகுதிதான் எனக்கு மொத்தப் படமும். கோடை வீட்டில் இருக்கும் மரியான்னேயிடம் யோஹான் ராத்திரி வந்து சேர்கிறான். அவள் சாப்பிடக் கொடுக்கிறாள். அதன் பிறகு சொல்கிறான்: பவுலா என்று ஒருத்தியைக் காதலிக்கிறேன், நாளைக்கு அவளோடு பாரிஸ் போகிறேன். மரியான்னே என்ன செய்கிறாள்? பெட்டி கட்ட உதவுகிறாள்! அவன் போன பிறகு ஆறுதல் தேடி நண்பருக்குப் போன் செய்தால், அவர்களுக்கெல்லாம் விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. உல்மனின் முகம் அந்த இடத்தில் என்னவாகிறது என்பதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. அன்றைக்கு யோஹானை அவ்வளவு வெறுத்தேன்.

பல வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது முதல் பகுதி. ஒரு பத்திரிகைக்காரி பேட்டி எடுக்க வருகிறாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் யோஹான் தன் பெருமையை அடுக்கிக்கொண்டே போகிறான். மரியான்னே திணறுகிறாள். யோஹானின் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளின் அம்மா என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் வரவில்லை. இத்தனைக்கும் அவள் வக்கீல், அதுவும் விவாகரத்து வழக்குகள் பார்க்கிறவள். அவனைப் பிரியமாகப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறாள். பத்து வருடத் தாம்பத்தியம், வீட்டில் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் அத்தனை பேச்சிலும் அவள் இல்லை. பவுலா வருவதற்கு வெகு முன்பே இருவரும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டார்கள், அதுவும் சிரித்த முகத்தோடு. இதனால் யோஹான் செய்தது சரியாகிவிடாது. அவன் செய்தது கொடுமை, கோழைத்தனமும்கூட. ஆனால் துரோகம் தொடங்கிய தேதியை நான் தப்பாகக் குறித்து வைத்திருந்தேன்.

இரண்டாம் பகுதியில் மரியான்னேயின் அலுவலகத்துக்கு வயதான ஒரு பெண் விவாகரத்து கேட்டு வருவாள். கணவன் அடிப்பவனோ குடிப்பவனோ இல்லை. அன்பே இல்லாத கல்யாணம், அவ்வளவுதான். மேஜையைத் தொடுகிறேன், தொடுகிற உணர்வுகூட மெலிந்து வறண்டுவிட்டது என்கிற மாதிரி சொல்வாள். வக்கீலின் முகத்தில் அப்போது வருகிற பயத்தைப் பாருங்கள். அன்று ராத்திரி என் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பிள்ளையை யார் கூட்டி வருவது, மாத்திரை வாங்கியாச்சா, எத்தனை மணிக்கு வருவீங்க. சண்டையே இல்லை. அதை நல்ல வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெருக்கம் என்றால் உடல் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் நான்காம் பகுதியைப் பார்க்க வேண்டும். பிரிந்துபோன யோஹான் திரும்பி வந்திருக்கும் ஒரு மாலை. மரியான்னே, தான் யார் என்று முதன்முதலாகத் தேடி எழுதிய நோட்டுப் புத்தகத்தை அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள். நிமிர்ந்தால் அவன் தூங்கிவிட்டிருக்கிறான். எனக்கு இது பவுலா விஷயத்தைவிட அதிகம் வலித்தது.

இதையெல்லாம் தாங்குவது ஸ்வென் நிக்விஸ்ட்டின் கேமரா. 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது; கேமரா முகத்துக்கு மிக அருகே நிற்கிறது. பேசுகிறவரைவிடக் கேட்கிறவர் முகத்தைக் கவனியுங்கள், பாதி வசனம் அங்கேதான் நடக்கிறது.

இந்தத் தொடரால்தான் ஸ்வீடனில் விவாகரத்து கூடியது என்று ஒரு பேச்சு உண்டு. 1974-இல் எண்ணிக்கை எகிறியது உண்மைதான். ஆனால் காரணம் காட்டாமலே விவாகரத்து கோரலாம் என்று அங்கே சட்டம் மாறியதும் அதே 1974-இல்தான். படத்தின் மேல் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐந்தாம் பகுதியில், விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த இடத்தில், யோஹான் கை நீட்டி அடிக்கிறான். அதைப் பார்ப்பது கஷ்டம், மனதைத் தயார் செய்துகொண்டு பாருங்கள்.

ஆறாம் பகுதியில் இருவருக்கும் வேறு வேறு துணை. கல்யாணமாகி இருபது வருடம் கழித்து, இப்போது தங்கள் துணைகளுக்குத் தெரியாமல் இவர்கள்தான் ரகசியமாகச் சந்திக்கிறார்கள். நடு ராத்திரி மரியான்னே கெட்ட கனவு கண்டு விழிக்கிறாள். நான் யாரையுமே நேசித்ததில்லையோ, என்னையும் யாரும் நேசித்ததில்லையோ என்று கலங்குகிறாள். அவன் பெரிய வாக்குறுதி எதுவும் தருவதில்லை. என் குறையோடும் சுயநலத்தோடும் உன்னை நேசிக்கிறேன் என்கிற அளவுக்குத்தான் சொல்கிறான். முதல் பகுதியின் பேட்டியில் வாய் ஓயாமல் தன்னைப் புகழ்ந்துகொண்ட அதே ஆள். அவளும் இந்த முறை அவன் முகத்தைப் பார்த்துத் தடுமாறாமல், தன் பயத்தைத் தன் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள். பிறகு அவன் அணைப்பில் தூங்கப் போகிறாள்.

கிடைத்தால் ஆறு பகுதிகளையும் நாளுக்கு ஒன்றாகப் பாருங்கள். முடிந்தால் துணையோடு உட்கார்ந்து. நான் தனியாகத்தான் பார்த்தேன். மூன்றாவது தடவை அவரையும் கூப்பிட்டிருக்கிறேன்.